ஹோட்டல் புள்ளிகள்: இலாபம் யாருக்கு?

கொத்துக் கணக்கில் அரிசி அளந்த காலத்தில், அளந்து முடித்த பின்னர் கடைக்காரர் மேலே ஒரு பிடி அள்ளிப் போடுவார். அந்த ஒரு பிடிக்காக, அடுத்த கடையில் அரிசி கொஞ்சம் மலிவாக இருந்தாலும் வாடிக்கையாளர் அங்கே போகமாட்டார். கடைக்காரருக்கும் இது நன்றாகத் தெரியும். இன்று உலகெங்கும் கிளை பரப்பியுள்ள பெரிய ஹோட்டல் நிறுவனங்கள் செய்வதும் இதே வேலைதான். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. அன்று பிடி அரிசி நம் கண்முன்னே பையில் விழுந்தது. இன்று அது 'புள்ளி' என்ற பெயரில் எங்கோ ஒரு கணனியில் ஏறுகிறது. அதன் பெறுமதி என்னவென்று பெறுபவருக்கே தெரிவதில்லை.

ஹோட்டல் என்றதும் சந்தியில் இருக்கும் கொத்து ரொட்டிக் கடையை நினைத்துவிடாதீர்கள். இங்கே நாம் பேசுவது பிரயாணிகள் தங்கும் ஹோட்டல்களைப் பற்றி. பேருவளை சீனன்கோட்டையிலிருந்து பாங்கொக்குக்கும் ஹொங்கொங்குக்கும் போய்வரும் மாணிக்கக்கல் வியாபாரிகள், புறக்கோட்டையிலிருந்து சீனாவுக்குச் சரக்கெடுக்கச் செல்வோர், கம்பனி வேலையாக மாதாமாதம் டுபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பறப்போர் என்று நம்மிடையே அடிக்கடி பிரயாணம் செய்வோர் பலர். இவர்களில் அநேகரின் சட்டைப் பையில் இரண்டு மூன்று ஹோட்டல்களின் அங்கத்துவ அட்டைகள் இருக்கும். அவற்றில் எது பயன் தருகிறது, எது வெறும் அலங்காரம் என்று கணக்குப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

வாருங்கள், அந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம்?

1981ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனம், அடிக்கடி பறப்போருக்குப் பறந்த மைல்களைக் கணக்கிட்டு இலவச விமானச் சீட்டு வழங்கும் திட்டமொன்றை ஆரம்பித்தது. இரண்டே வருடங்களில், 1983இல், ஹொலிடே இன், மாரியட் ஆகிய ஹோட்டல் நிறுவனங்களும் அதே வழியில் இறங்கின. 1987இல் ஹில்டனும் ஹயாத்தும் சேர்ந்துகொண்டன. 2016இல் மாரியட், ஸ்டார்வூட் நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. இருவரின் அங்கத்துவத் திட்டங்களும் ஒன்றாக்கப்பட்டு, 2019இல் 'மாரியட் பொன்வோய்' என்ற பெயரைப் பெற்றன. பிரான்ஸின் அக்கோர் நிறுவனமும் அதே ஆண்டில் தனது பழைய திட்டத்தைப் புதுப்பித்தது. ஹொலிடே இன், இன்டர்கொன்டினென்டல் முதலிய பெயர்களைத் தன்வசம் வைத்திருக்கும் ஐ.எச்.ஜி. நிறுவனம் 2022இல் புதுப்பித்தது.

நமது நாட்டுக்கும் இவை அந்நியமானவை அல்ல. கொழும்பில் ஹில்டனும், வெலிகமையில் மாரியட்டும் இருக்கின்றன. நமது சினமன் ஹோட்டல்கள், பல நாட்டு ஹோட்டல்கள் கூட்டாக நடத்தும் ஜி.எச்.ஏ. டிஸ்கவரி என்ற திட்டத்தில் இணைந்துள்ளன.

ஏன் கொடுக்கிறார்கள்?

வியாபாரி எவரும் நட்டத்துக்குக் கொடுக்கமாட்டார். ஹோட்டல்காரர் கொடுப்பதற்கும் இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, தரகு. நீங்கள் இணையத்தளத் தரகர் ஒருவர் மூலம் அறை பதிவு செய்தால், ஹோட்டல் அவருக்குப் பெரும்பாலும் நூற்றுக்கு 15க்கும் மேலான தொகையைத் தரகாகக் கொடுக்க வேண்டியிருக்கும். நீங்கள் நேரடியாக ஹோட்டலிடமே பதிவு செய்தால் அந்தத் தரகு மிச்சம். அதில் ஒரு சிறு பங்கைப் புள்ளியாக உங்களுக்குக் கொடுத்துவிட்டு மீதியை அவர்கள் வைத்துக்கொள்ளலாம். இதனால்தான் தரகர் மூலம் பதிவு செய்தால் இந்த நிறுவனங்கள் பொதுவாகப் புள்ளி கொடுப்பதில்லை. பிரயாண முகவர்கள் குழுவாக ஏற்பாடு செய்யும் உம்றாப் பயணங்களிலும், சுற்றுலாப் பொதிகளிலும் தங்குவோருக்கும் இதே நிலைதான். அட்டை கையில் இருந்தும் புள்ளி ஏறவில்லையே என்று வரவேற்பு மேசையில் வாதாடுவதில் பயனில்லை.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. இந்தத் திட்டங்கள் முதன்முதலில் யாரைக் குறிவைத்து உண்டாக்கப்பட்டன தெரியுமா? கம்பனிச் செலவில் பிரயாணம் செய்யும் உத்தியோகத்தரை. அறைக்குப் பணம் கட்டுவது கம்பனி. எந்த ஹோட்டல் என்று தீர்மானிப்பது உத்தியோகத்தர். புள்ளி சேர்வதோ அவருடைய சொந்தப் பெயரில். கட்டுபவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர் என்றால், பெறுபவர் விலையைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படமாட்டார் அல்லவா? இந்த மனித சுபாவத்தின் மீதுதான் இந்த மாளிகை கட்டப்பட்டிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கட்டுரையின் முடிவில் இதற்கே திரும்பி வருவோம்.

புள்ளியைக் காசாக்கிப் பாருங்கள்

"அந்த ஹோட்டலில் ஆயிரம் புள்ளி தருகிறார்கள், இந்த ஹோட்டலில் ஐந்நூறுதான்" என்று பேசுவது, ஆயிரம் ரூபாவையும் ஐந்நூறு டொலரையும் ஒப்பிடுவது போன்றது. எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் பெறுமதி பெரிதாகிவிடாது.

பெறுமதியைக் கண்டறியும் வழி இலகுவானது. நீங்கள் போகவிருக்கும் ஊரில், நீங்கள் தங்கக்கூடிய ஹோட்டலில், ஒரே நாளுக்கு இரண்டு விலைகளையும் பாருங்கள். காசு கட்டினால் வரியுடன் எவ்வளவு? புள்ளி கொடுத்தால் எத்தனை? முதலாவதை இரண்டாவதால் வகுத்துவிடுங்கள். உதாரணமாக, வரியுடன் 140 டொலர் கட்ட வேண்டிய அறையை 28,000 புள்ளிக்குத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு புள்ளி அரைச் சதம் (அமெரிக்கச் சதம்) பெறும். புள்ளி கிடைக்கும்போது பொதுவாக வரி நீங்கலான அறை வாடகைக்கு மட்டுமே கிடைக்கும். செலவழிக்கும்போது வரியும் சேர்ந்தே அடைபடும். ஆகவே வரியைச் சேர்த்துக் கணக்கிடுவதே சரி.

இன்னுமொரு சோதனையும் உண்டு. இந்த நிறுவனங்கள் புள்ளிகளைக் காசுக்கும் விற்கின்றன. ஹில்டனும் ஐ.எச்.ஜி.யும் மலிவு விற்பனைக் காலங்களில் ஒரு புள்ளியை ஏறத்தாழ அரைச் சதத்துக்கு விற்பது வழக்கம். கடையில் அரைச் சதத்துக்குக் கிடைக்கும் பொருளை ஒரு சதம் பெறுமதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆறு திட்டங்கள்: ஓர் ஒப்பீடு

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இவற்றில் எல்லாம் அங்கத்துவம் இலவசம். கீழே சொல்லப்படும் பெறுமதிகள் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் கூடிக் குறையும். நடுத்தரமான நிலையையே இங்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மாரியட் பொன்வோய்: 9,000க்கும் மேற்பட்ட ஹோட்டல்களைக் கொண்டது. பெரும்பாலான ஹோட்டல்களில் ஒரு டொலருக்கு 10 புள்ளி. ஒரு புள்ளி ஏறத்தாழ 0.7 சதம். எனவே 100 டொலர் செலவிட்டால் 7 டொலர் அளவில் திரும்பும். புள்ளி கொடுத்து ஐந்து இரவுகள் தொடர்ந்து தங்கினால் ஓர் இரவு இலவசம். எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கிளை இருக்கும் என்பது இதன் பெரிய பலம்.

ஹில்டன் ஒனர்ஸ்: பெரும்பாலான ஹோட்டல்களில் ஒரு டொலருக்கு 10 புள்ளி. ஆனால் ஒரு புள்ளி அரைச் சதத்தைத் தாண்டுவது கடினம். எனவே 100 டொலருக்கு 5 டொலர், சில வேளை அதற்கும் குறைவு. ஆயினும் குடும்பத்தினருக்கு உகந்த ஒரு வசதி இதில் உண்டு. உங்களுடன் இன்னும் பத்துப் பேர் வரை சேர்ந்து, எல்லோருடைய புள்ளிகளையும் கட்டணமின்றி ஒரே கணக்கில் திரட்டலாம். சகோதரர்கள் மூவர் தனித்தனியே சேர்த்த சில்லறைப் புள்ளிகளை ஒன்றாக்கி, உம்மாவையும் வாப்பாவையும் ஒரு பயணம் அனுப்பிவைக்கலாம் அல்லவா? 'சில்வர்' முதல் உயர்ந்த படிகளில் உள்ளவர்களுக்கு ஐந்தாவது இரவு இங்கும் இலவசம்.

ஐ.எச்.ஜி. வன் ரிவோர்ட்ஸ்: இதிலும் பெரும்பாலும் டொலருக்கு 10 புள்ளி, புள்ளி ஏறத்தாழ அரைச் சதம், அதாவது நூற்றுக்கு ஐந்து. கவனிக்க வேண்டியது ஒன்று: சாதாரண அங்கத்தவர் பன்னிரண்டு மாதங்கள் கணக்கில் எந்த அசைவும் இல்லாமல் இருந்தால் புள்ளிகள் காலாவதியாகிவிடும். மாரியட், ஹில்டன், ஹயாத் ஆகியவற்றில் இந்தத் தவணை இரண்டு வருடங்கள்.

வேர்ல்ட் ஒஃப் ஹயாத்: டொலருக்கு 5 புள்ளி மாத்திரமே. எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறுவோர் இதை ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் இங்கே ஒரு புள்ளி ஒன்றரைச் சதத்துக்கு நிற்கும். 100 டொலருக்கு ஏழரை டொலர் என்று கணக்கு வருகிறது. மற்றைய நிறுவனங்கள் புள்ளி விலைப் பட்டியலைக் கைவிட்ட பின்னரும் ஹயாத் தனது ஹோட்டல்களை எட்டு வகையாகப் பிரித்துப் பட்டியல் வெளியிடும் வழக்கத்தை விடவில்லை. குறை என்னவென்றால், ஹோட்டல்களின் தொகை மற்ற நிறுவனங்களை விட மிகக் குறைவு. நீங்கள் போகும் ஊரில் ஹயாத் இல்லையென்றால் ஏழரை டொலரால் என்ன பயன்?

அக்கோர்: சோஃபிடெல், நொவோட்டல், மெர்கியூர், பெயார்மொன்ட் முதலியன இதன் பெயர்கள். பெரும்பாலான ஹோட்டல்களில் 10 யூரோவுக்கு 25 புள்ளி. மலிவான ஐபிஸில் அதன் பாதி. 2,000 புள்ளி சேர்ந்தால் பில்லில் 40 யூரோ கழியும். இன்று கழித்தாலும், பெருநாள் காலத்தில் கழித்தாலும் அதே 40 யூரோதான். ஆக, நூற்றுக்கு ஐந்து என்பது திட்டவட்டமாகத் தெரிந்த கணக்கு. கணக்கில் மயங்க விரும்பாதவர்களுக்கு உகந்தது. ஆனால் ஒரு வருடம் எங்கும் தங்காவிட்டால் புள்ளிகள் போய்விடும்.

ஜி.எச்.ஏ. டிஸ்கவரி: புள்ளி என்ற பேச்சே இல்லை. செலவிட்ட தொகையில் ஆரம்பப் படியில் 4 வீதமும், உச்சப் படியில் 7 வீதமும் டொலர் பெறுமதியிலேயே கணக்கில் ஏறும். சினமன் ஹோட்டல்களில் தங்குபவருக்கு இது கைக்கெட்டிய திட்டம்.

இப்போது ஆறையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 100 டொலருக்கு நாலு, ஐந்து, ஏழு, ஏழரை. வித்தியாசம் இவ்வளவுதான்! விளம்பரங்களில் மலைக்கும் மடுவுக்குமாகத் தெரிந்தவை, காசாக்கியதும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்து நிற்கின்றன.

ஒரு வியாபாரியின் வருடக் கணக்கு

சீனன்கோட்டை வியாபாரி ஒருவர் வருடத்துக்கு ஆறு தடவை வெளிநாடு போகிறார், தடவைக்கு நாலு இரவு தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 24 இரவுகள். பெரிய நிறுவனத்தின் ஹோட்டலில் இரவுக்கு 100 டொலர் என்றால், வருடச் செலவு 2,400 டொலர். நூற்றுக்கு ஏழு என்ற நல்ல கணக்கிலேயே அவருக்குத் திரும்புவது 168 டொலர்.

அதே தெருவில், பெயர் தெரியாத, ஆனால் சுத்தமான ஒரு ஹோட்டலில் அறை 75 டொலருக்குக் கிடைக்கிறது. அங்கே தங்கினால் வருடத்தில் மிச்சம் 600 டொலர். புள்ளியாக வருவது 168. காசாகப் போவது 600. இந்தக் கணக்குக்குக் கணக்கப்பிள்ளை தேவையில்லை.

அப்படியானால் அங்கத்துவமே வேண்டாமா? அப்படியல்ல. பெரிய ஹோட்டலின் விலையும் சிறிய ஹோட்டலின் விலையும் ஐந்தாறு டொலருக்குள் நின்றால், அங்கத்தவராக இருப்பது இலாபமே. அங்கத்தவர்களுக்கென்று சற்றுக் குறைந்த விலையும் உண்டு. இலவசமாகச் சேரக்கூடிய ஒன்றில் சேராமல் முழு விலை கட்டுவது வீண் விரயம். சுருக்கமாகச் சொன்னால், விலை ஏறக்குறையச் சமமாக இருக்கும்போது முடிவைத் தீர்மானிப்பதற்கே புள்ளி உதவ வேண்டும். விலையை மறக்கச் செய்வதற்கு அல்ல.

படிகளும் பரிசுகளும்

புள்ளியைத் தவிர, தங்கிய இரவுகளைக் கணக்கிட்டு அங்கத்தவரைப் படிப்படியாக உயர்த்தும் ஏற்பாடும் உண்டு. மாரியட்டில் 10 இரவுக்குச் 'சில்வர்', 25க்குக் 'கோல்ட்', 50க்குப் 'பிளாட்டினம்'. ஹயாத்தின் உச்சப் படிக்கு 60 இரவுகள். ஐ.எச்.ஜி.யில் 'பிளாட்டினம்' 40, 'டயமண்ட்' 70. இவை ஒரு வருடத்துக்குள் தங்க வேண்டிய இரவுகள் என்பதை மறக்கவேண்டாம்.

மேலே சொன்ன வியாபாரி தனது 24 இரவுகளையும் நாலு நிறுவனங்களில் ஆறு ஆறாகப் பிரித்துத் தங்கினால் ஒரு படியும் ஏறமாட்டார். ஒரே நிறுவனத்தில் தங்கினால் முதற்படியைத் தாண்டிவிடுவார். ஆகவே, சேர்வதென்றால் ஒன்றில், மிஞ்சினால் இரண்டில். நாலைந்து அட்டைகளைச் சுமப்பது சட்டைப் பைக்குப் பாரம் மாத்திரமே.

ஆனால் பாருங்கள், அவர் மாரியட்டில் 24 இரவுகள் முடித்திருந்தால் 'கோல்ட்' படிக்கு இன்னும் ஒரே ஓர் இரவு! "வீணாகப் போனாலும் பரவாயில்லை, ஒரு நாளைக் கூட்டித் தங்குவோம்" என்று மனம் சொல்லும். 'கோல்ட்' தருவது என்ன? புள்ளியில் நூற்றுக்கு 25 மேலதிகம், அறை இருந்தால் கொஞ்சம் நல்ல அறை, இரண்டு மணி வரை தாமதித்து வெளியேற அனுமதி கேட்கும் உரிமை. இலவசக் காலையுணவு அதில் இல்லை. 2,400 டொலர் செலவில் அந்த 25 வீத மேலதிகப் புள்ளியின் பெறுமதி 42 டொலர். அதற்காக 100 டொலர் அறையெடுப்பது எந்த ஊர் வியாபாரம்?

படிகளின் பெறுமதியைக் கணக்கிடும்போது நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. மேலைநாட்டுப் பத்திரிகைகள் இந்தச் சலுகைகளுக்குப் பெரிய விலை போட்டுக் காட்டும். அதில் மாலை நேரத்தில் விசேட அறையில் பரிமாறப்படும் மதுபானமும், வந்திறங்கியதும் கொடுக்கும் பானச் சீட்டும் அடங்கும். நமக்கு அவற்றின் பெறுமதி பூச்சியம். பானச் சீட்டைப் பழரசத்துக்கு மாற்றிக்கொண்டால் ஒரு சில டொலர். காலையுணவும் அப்படித்தான். ஹில்டனின் 'கோல்ட்' அங்கத்தவருக்கு அமெரிக்காவுக்கு வெளியே காலையுணவு இலவசம். டுபாயிலோ கோலாலம்பூரிலோ அது வயிறு நிறைய உண்ணக்கூடிய நல்ல சலுகை. ஹலால் உணவு இல்லாத ஒரு நகரில், அதே மேசையிலிருந்து முட்டையும் ரொட்டியும் பழமும் எடுத்துக்கொண்டு எழும்ப வேண்டியிருக்கும். சலுகையின் விலையை, நாம் உண்மையில் பயன்படுத்தும் அளவைக் கொண்டே போட வேண்டும்.

கடனட்டை விடயமும் அதேபோன்றது. புள்ளிகளை அள்ளித் தரும் ஹோட்டல் கடனட்டைகள் பெரும்பாலும் அமெரிக்கா போன்ற நாடுகளில் வசிப்போருக்கே வழங்கப்படுகின்றன. அங்குள்ளோர் எழுதும் கணக்குகள் நமக்குப் பொருந்தா. இங்கே ஏதோவொரு கடனட்டையில் புள்ளிக்காகச் செலவிட்டு, தவணைக்குள் கட்ட முடியாமல் வட்டியில் மாட்டிக்கொண்டால், புள்ளியின் பெறுமதி முதல் மாத வட்டிக்கே போதாது. வட்டியின் பாவம் வேறு, நட்டம் வேறு என்று இரண்டையும் சுமக்க வேண்டிவரும்.

சேர்த்து வைப்பதா, செலவழிப்பதா?

காசைச் சேமித்தால் நன்மை. புள்ளியைச் சேமித்தால்? புள்ளி என்பது ஹோட்டல் நிறுவனம் தரும் ஒரு வாக்கு. அந்த வாக்கின் பெறுமதியை மாற்றும் அதிகாரம் அவர்கள் கையிலேயே இருக்கிறது. ஹில்டன் 2017இலும், மாரியட் 2022இலும் தமது நிலையான புள்ளி விலைப் பட்டியலைக் கைவிட்டன. காசு விலை ஏறும்போது புள்ளி விலையும் சேர்ந்து ஏறும் முறை வந்தது. ஹில்டனில் ஒரு காலத்தில் சாதாரண அறைக்கான ஆகக் கூடிய புள்ளி விலை இரவுக்கு 95,000 ஆக இருந்தது. பின்னர் அது 150,000 வரை உயர்ந்து அதையும் தாண்டிவிட்டது. பத்து வருடம் சேர்த்து ஒரு பெரிய பயணம் போவோம் என்று காத்திருந்தவர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எனவே, சேர்ந்த புள்ளியை ஒன்றிரண்டு வருடங்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள். எங்கே பயன்படுத்துவது? விலை உச்சத்தில் நிற்கும் நாட்களில். குவாங்சோவில் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் கண்காட்சி நடக்கும் நாட்களில் அறை விலை எகிறிவிடும். பாங்கொக்கில் பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும் மாணிக்கக்கல் கண்காட்சி நடக்கும். கண்காட்சிக்குப் போகும் வியாபாரிக்குப் புள்ளி கைகொடுக்க வேண்டிய நாட்கள் இவையே. பட்டியல் வைத்திருக்கும் ஹயாத்தில் உச்ச நாட்களுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆனால் புள்ளிக்கு அறை மிஞ்சியிருந்தால்தான் அந்த எல்லை உதவும். ஆகவே நாட்கள் நிச்சயமானவுடன் முந்திப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

மக்காவுக்கும் மதீனாவுக்கும் முகவர் மூலமன்றித் தாமாக ஏற்பாடு செய்துகொண்டு போவோரும் இப்போது கூடியிருக்கிறார்கள். மக்காவில் ஹரமுக்கு அருகே மணிக்கூட்டுக் கோபுரத் தொகுதியில் உள்ள பெயார்மொன்ட், சுவிஸ்ஹோட்டல் முதலியவை அக்கோரின் திட்டத்தைச் சேர்ந்தவை. ஜபல் உமர் பகுதியில் ஹில்டனும் ஹயாத்தும் மாரியட்டும் இருக்கின்றன. வியாபாரப் பயணங்களில் சேர்ந்த புள்ளியை இங்கே செலவழிக்கலாம். றமழானில் விலை பல மடங்கு ஏறும்போது, விலையைத் தொடர்ந்து புள்ளியும் ஏறும் திட்டங்களில் பெரிய ஆதாயம் எதிர்பார்க்க முடியாது. கூட்டம் குறைந்த மாதங்களில் இரண்டு விலைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துப் போவதே புத்தி.

யாருடைய பணம், யாருடைய புள்ளி?

இனி, முன்னர் சொன்ன விடயத்துக்கு வருவோம். கட்டுபவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர்.

இருவர் பங்காளிகளாக வியாபாரம் செய்கிறார்கள். ஒருவர் பாங்கொக் போகிறார். செலவு பொது முதலிலிருந்து. 75 டொலர் அறை இருக்க, தனது அட்டைக்குப் புள்ளி ஏறும் என்பதற்காக 110 டொலர் அறையில் ஐந்து இரவுகள் தங்குகிறார். பொது முதலுக்கு மேலதிகச் செலவு 175 டொலர். அவருடைய பெயரில் ஏறிய புள்ளியின் பெறுமதி, நூற்றுக்கு ஐந்து என்றால், இருபத்தேழரை டொலர். தனக்கு இருபத்தேழு டொலர் வருவதற்காகக் கூட்டாளியும் தானும் சேர்ந்த முதலில் 175 டொலரைக் கரைத்துவிட்டார். அவர் களவெடுக்கவில்லை, பொய் பில் கொடுக்கவில்லை. ஆனால் பங்காளியின் பணம் அவர் கையில் இருந்த அமானிதம் அல்லவா? அந்த அமானிதத்தில் ஓர் ஓட்டை விழுந்திருக்கிறது. பங்காளிக்கு இது தெரியவராமலே போகலாம். தெரியவந்தால், இருபத்தேழு டொலருக்காக இருபது வருட நட்பு முறியவும் கூடும்.

கம்பனியில் வேலை செய்வோருக்கும் இதே கேள்வி உண்டு. ஹோட்டல்களின் விதிப்படி அங்கத்துவக் கணக்கு தனிமனிதர் பெயரில்தான் இருக்கும். எனவே ஹோட்டலைப் பொறுத்தவரை புள்ளி உங்களுடையதே. உங்கள் முதலாளியைப் பொறுத்தவரை எப்படி? சில நிறுவனங்கள் "ஊழியரே வைத்துக்கொள்ளட்டும், வீட்டை விட்டுப் போவதற்கு அது ஓர் ஆறுதல்" என்று வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. அப்படியானால் மனநிறைவோடு பயன்படுத்தலாம். அனுமதி இருக்கிறதா என்று தெரியாவிட்டால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்பதில் குறைந்துபோவது ஒன்றுமில்லை. அனுமதி கிடைத்த பின்னரும், மலிவான நல்ல ஹோட்டலைத் தவிர்த்து விலை கூடியதைத் தெரிவு செய்யும் உரிமை அதில் அடங்காது.

பங்காளிகளுக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. பொது முதலில் சேர்ந்த புள்ளியைப் பொதுப் பயணத்துக்கே பயன்படுத்துவது என்று ஆரம்பத்திலேயே பேசி, கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அடுத்த பாங்கொக் பயணத்தில் இரண்டு இரவுகள் புள்ளியில் கழிந்தால் இருவருக்கும் இலாபம். புள்ளி எவர் பெயரில் ஏறினாலும் மனஸ்தாபம் வராது.

உங்களுக்கு ஏற்றது எது?

வருடத்தில் பத்து இரவுகளுக்குக் குறைவாக வெளியில் தங்குபவரா? எந்தத் திட்டத்துக்கும் விசுவாசமாக இருக்காதீர்கள். இலவசமாகச் சேர்ந்துகொண்டு, ஒவ்வொரு தடவையும் விலையையே பாருங்கள். சேரும் சொற்பத்துக்கு, கணக்கு இலகுவான அக்கோரோ டிஸ்கவரியோ போதும்.

இருபது முதல் நாற்பது இரவுகள் தங்குபவரா? நீங்கள் அதிகம் போகும் இரண்டு ஊர்களை எழுதுங்கள். அந்த இரண்டிலும், உங்கள் வேலைத்தலத்துக்கும் பள்ளிவாசலுக்கும் ஹலால் சாப்பாட்டுக் கடைக்கும் கிட்டவாக, உங்கள் கைக்கெட்டிய விலையில் எந்த நிறுவனத்தின் ஹோட்டல் இருக்கிறது என்று பாருங்கள். அந்த ஒன்றில் மட்டும் சேருங்கள். ஹயாத் அங்கே இருந்தால் அது நல்லது, இல்லாவிட்டால் மாரியட். குடும்பத்தில் பலர் பிரயாணம் செய்வோராயின் புள்ளிகளைத் திரட்டக்கூடிய ஹில்டன்.

ஐம்பது இரவுகளுக்கு மேல் தங்குபவரா? உயர்ந்த படியின் சலுகைகள் உங்களுக்குத்தான். காலையுணவும் நல்ல அறையும் நீண்ட பயணத்தின் களைப்பை உண்மையிலேயே குறைக்கும். ஆனால் ஐம்பது இரவுகள் வீட்டில் இல்லாத ஒருவருக்கு எந்த ஹோட்டல் தரும் எந்தப் பரிசும் ஈடாகாது என்பதை வீட்டிலுள்ளவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அந்தப் புள்ளிகளில் ஒரு பகுதியையாவது மனைவி மக்களோடு சேர்ந்து செலவழிப்பது அவர்களுக்குச் செலுத்தும் கடனாகவே இருக்கும்.

பிடி அரிசி போட்ட கடைக்காரரைப் பகைத்துக்கொள்ளத் தேவையில்லை. அவர் தருவதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வாங்குமுன் தராசைப் பாருங்கள், அடுத்த கடையின் விலையையும் கேளுங்கள். அத்தோடு, பை யாருடையது, பணம் யாருடையது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.